குழிக்குள் ஆள் இறங்கும் முன்: அடைபட்ட இட வேலைக்கான பாதுகாப்புப் பயிற்சி, குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

"விஷவாயு தாக்கி இருவர் பலி" என்று செய்தி வந்தால் அந்த "இருவர்" என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான் வேலைக்காக இறங்கியவர். மற்றவர் அவரைத் தூக்கிவிடலாம் என்று நினைத்து இறங்கியவர்: தம்பி, மகன், கூடவே கூலிக்கு வந்தவர், சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், குழி, தொட்டி போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மீட்கப் போனவர்கள் என்று எழுதியது. முதல் சாவுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இரண்டாவது சாவுக்கு ஒரே காரணம்தான்: மேலே நின்றவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் இங்கே சொல்லும் இரண்டு நாள் பயிற்சியின் நடு அச்சு, இறங்குபவர் அல்ல, மேலே நிற்பவர்.

குமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. வளைகுடா நாடுகளின் சுத்திகரிப்பு ஆலைகளில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும்) வேலை பார்த்துத் திரும்பிய வெல்டர்களும் ஃபிட்டர்களும் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "பெர்மிட்" (இறங்க எழுத்து அனுமதி), "ஹோல் வாட்ச்" (வாசலில் நின்று காவல்), "கேஸ் டெஸ்ட்" (வாயு அளத்தல்) ஆகிய சொற்கள் அவர்களுக்குப் பழக்கம். அங்கே பெர்மிட் இல்லாமல் தொட்டிக்குள் தலையைக்கூட நீட்டாதவர்கள் அவர்கள். பயிற்சிக் குழுவில் அப்படி ஒருவரையாவது துணைப் பயிற்றுநராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடங்களைப் பட்டியலிடுங்கள்

ஆள் உள்ளே போக முடியும், ஆனால் வாசல் குறுகல். காற்று தானாக ஓடாது. மனிதர் தங்குவதற்காகக் கட்டியதல்ல. இந்த மூன்றும் பொருந்தினால் அது அடைபட்ட இடம். ஆழம் முக்கியமில்லை. இடுப்பளவுக் குழியிலும் குனிந்தால் மூச்சு நிற்கலாம்.

பயிற்சிக்கு வருபவர்களையே தங்கள் வேலையிடத்தைச் சுற்றிவந்து பட்டியல் எழுதச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் இப்படி வரும்.

மீன்பிடி விசைப்படகின் மீன் அறை: ஐஸ் உருகிய தண்ணீர், மீன் கழிவு, செதில் எல்லாம் அடித்தட்டில் தேங்கி அழுகும். தடைக்காலத்தில் மூடியைச் சாத்திவிட்டுப் போய், வாரங்கள் கழித்துத் திறப்பதுதான் மிக மோசமான நேரம். மாவட்டத்தின் இரண்டு கடற்கரைகளுக்கும் தடைக்காலம் வேறுவேறு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பழுதுபார்ப்பு, பெயின்ட், ஃபைபர் வேலை எல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கும். ஆகவே படகுக்காரர்களுக்கான பயிற்சியை ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்று, மே கடைசியில் ஒன்று என்று வையுங்கள்.

ரப்பர் ஆலைத் தொட்டிகள்: ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள், பால் தொட்டியில் அது நிற்கும். கழிவுநீர்த் தொட்டியில் ஆபத்து வேறு. செறிவூட்டிய பால் எடுத்தபின் மிஞ்சும் ஸ்கிம் பாலை உறைய வைக்கக் கந்தக அமிலம் ஊற்றும் இடங்களில், கழிவில் சல்பேட் சேரும். காற்றில்லாத தொட்டியில் நுண்ணுயிர்கள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். இலை உதிர்ந்து பால்வெட்டு குறையும் மாதங்களில் தொட்டி கழுவ ஆள் இறங்குவார்கள் என்பதால், அதற்கு முன்பே பயிற்சி முடிந்திருக்க வேண்டும்.

வீட்டுக் கிணறு: தூர் வார இறங்கும்போது தண்ணீர் இறைக்க பெட்ரோல் அல்லது டீசல் பம்பைக் கிணற்றுக்குள்ளேயே பலகையில் இறக்கி ஓடவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு கிணற்றைவிட்டு வெளியேறாது. இன்ஜினை எப்போதும் மேலே வையுங்கள். மேலிருந்து உறிஞ்ச முடியாத ஆழமென்றால் மின்சார நீர்மூழ்கி பம்ப்தான் வழி. ஆள் இறங்கும் முன் அந்தப் பம்பின் மின் இணைப்பைக் கழற்றுங்கள்.

புதிதாகக் கட்டிய சம்ப், செப்டிக் டேங்க்: இதைப் பலர் பட்டியலில் விட்டுவிடுவார்கள். ஒரு சொட்டுக் கழிவும் விழாத புதுத் தொட்டிதானே என்ற நினைப்பு. கான்கிரீட் போட்டு மூடிய பின் உள்ளே ஈரத்தில் கிடக்கும் சென்ட்ரிங் பலகை மக்கும்; அந்த மக்கல் ஆக்சிஜனைத் தின்றுவிடும். பல நாள் கழித்துப் பலகை பிரிக்க இறங்குபவர் எந்த நாற்றமும் இல்லாமல் சரிந்து விழுவார். கட்டட வேலையாட்களுக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் பயிற்சியை முடிக்காதீர்கள்.

இவற்றோடு துறைமுக ஐஸ் ஆலைகளின் அம்மோனியா பகுதிகள், ரப்பர் ஷீட் புகைக்கூடு, தண்ணீர் லாரி டேங்க், சாண எரிவாயுத் தொட்டி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்களும் பொருட்களும்

ஒரு முறைக்கு 10 முதல் 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேலை செய்பவர்களோடு மேஸ்திரி, படகு உரிமையாளர், ஆலை மேற்பார்வையாளர் ஆகியோரும் கட்டாயம் உட்கார வேண்டும். "சீக்கிரம் இறங்கு" என்று சொல்பவர் அவர்தான். படகுகளிலும் தோட்டங்களிலும் கட்டட வேலையிலும் வட மாநிலத்தவர் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காக எல்லாச் சைகைகளையும் சொல் இல்லாமல், கயிற்றாலும் கையாலும் பழக்குங்கள்.

வேண்டிய பொருட்கள்: நான்கு வாயுக் கருவி (ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு அளப்பது) குறைந்தது இரண்டு, அவற்றுக்கு உறிஞ்சு பம்பும் 10 மீட்டர் குழாயும், சோதனை வாயு சிலிண்டர், 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள டக்ட் (காற்றுக் குழாய்) பொருத்திய ப்ளோவர் (காற்று ஊதும் இயந்திரம்), முக்காலி, வின்ச் (கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் கருவி), முழு உடல் ஹார்னஸ் (ஆளைத் தாங்கும் பட்டைகள்) இரண்டு, காற்று சிலிண்டருடன் கூடிய சுவாசக் கருவி ஒன்றாவது, முதலுதவிப் பை, பை மாஸ்க் (கையால் அழுத்தி மூச்சு ஊட்டும் பை), விசில், எச்சரிக்கை நாடா, நிறுத்து கடிகாரம்.

மீட்புப் பயிற்சிக்கு பொம்மை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான கான்வாஸில் உடல் பகுதிக்கு 40 கிலோ, தொடைகளுக்கு 10 கிலோ வீதம், கைகளுக்கு 5 கிலோ வீதம் காய்ந்த மணல். மொத்தம் 70 கிலோ. இதைவிடக் குறைத்தால் பயிற்சியில் எல்லாம் எளிதாக நடந்துவிடும், உண்மையில் நடக்காது.

பயிற்சிக்கான குழி சுத்தமானதாக இருக்க வேண்டும். காலியான, திறந்து காற்றோட்டம் விட்ட தண்ணீர் சம்ப் நல்லது. அதையும் அளந்த பிறகே ஆளை இறக்குங்கள். உண்மையான வாயு உள்ள இடத்தில் ஒருபோதும் பயிற்சி நடத்தக் கூடாது.

முதல் நாள் காலை: காற்றைக் கண்ணால் காட்டுதல்

சொல்வதைவிடக் காட்டுவது பதியும். திறந்தவெளியில் 20 லிட்டர் வாளி ஒன்றை வையுங்கள். உள்ளே செங்கல் அடுக்கி, வாளி உயரத்தில் பாதிக்குக் கீழே வரும்படி அதன்மேல் ஒரு மெழுகுவர்த்தி. வாளி விளிம்பை ஒட்டி வெளியே இன்னொன்று. இரண்டையும் கொளுத்துங்கள். 100 கிராம் சமையல் சோடாவை வாளி அடியில் தூவி, ஒன்றரை லிட்டர் வினிகரை ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். நுரை மெழுகுவர்த்தியைத் தொடக்கூடாது, அதற்காகத்தான் செங்கல். ஏறத்தாழ 28 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி வாளியை நிரப்பும். உள்ளே இருக்கும் சுடர் அணையும், வெளியே இருப்பது எரியும். புகை இல்லை, நிறம் இல்லை. கிணற்றடியும் இதேதான் என்று அப்போது சொல்லுங்கள்.

சுடர் அணைந்ததும் யாராவது கேட்பார்கள்: "அப்போ கிணத்துல விளக்கு இறக்கிப் பாத்தா போதாதா?" நம் முன்னோர் அப்படித்தான் செய்தார்கள், அதில் ஓரளவு அறிவும் இருந்தது. ஆனால் சுடர் ஆக்சிஜன் சுமார் 16, 17 சதவீதத்துக்கு இறங்கிய பின்தான் அணையும். அதற்கு முன்பே மனிதனின் நிதானம் தவறத் தொடங்கிவிடும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் சுடர் அசையாமல் எரியும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் சுடரே வெடிக்கு வித்து. கேட்டவரைக் கடிந்துகொள்ளாமல் இந்த மூன்றையும் நிதானமாக விளக்குங்கள். ஏனென்றால் வீட்டுக்குப் போனபின் அவருடைய அப்பா இதே கேள்வியைக் கேட்பார்.

அடுத்து சோடா பாட்டில். மூடியபடி குலுக்கித் திறந்து காட்டுங்கள். சேற்றுக்குள் வாயு அப்படித்தான் அடங்கிக் கிடக்கிறது. மேலிருந்து அளக்கும்போது கருவி பூஜ்யம் காட்டும். இறங்கியவர் சகதியை மிதித்ததும், மண்வெட்டியால் கிளறியதும் வாயு பொங்கும். ஒரு முறை அளந்தால் போதாது, வேலை முடியும்வரை கருவி மார்பில் தொங்க வேண்டும் என்பதன் காரணம் இது.

ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி ஒன்றைத் தனியாகச் சொல்லுங்கள். 1 பிபிஎம்முக்குக் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் வரும். 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கின் உணர்வு மரத்துப்போகும்; நாற்றம் நின்றுவிடும். "இப்ப நாத்தம் இல்ல, சரியாயிட்டு" என்று ஒருவர் சொன்னால் அவர் ஆபத்தின் நடுவில் நிற்கிறார். 700 பிபிஎம்மைக் கடந்தால் ஓரிரு மூச்சில் மயக்கம். ஏணியில் இரண்டு படி ஏற நேரம் கிடைக்காது. நனைத்த தோர்த்தை மூக்கில் கட்டுவதும், துணி மாஸ்க்கும் இதற்கு எந்தத் தடையும் இல்லை. வடிகட்டி மாஸ்க்கும் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கித் தராது.

முதல் நாள் பிற்பகல்: கருவியைப் பிடித்துப் பழகுதல்

ஒவ்வொருவரும் தன் கையால் செய்ய வேண்டும். சுத்தமான காற்றில் இயக்கி, பூஜ்யம் செய்து, சோதனை வாயு காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது தினமும் வேலைக்கு முன் நடக்க வேண்டிய காரியம். சென்சார் செத்துப்போன கருவியும் திரையில் அழகாக பூஜ்யம் காட்டும். அதை நம்பி இறங்குவது கருவியே இல்லாமல் இறங்குவதைவிட ஆபத்து. ஆக்சிஜன் சென்சார் மேல் மெல்ல மூச்சு ஊதச் சொல்லுங்கள். அளவு 17ஐ நோக்கி இறங்குவதைப் பார்க்கும்போது முகங்கள் மாறும். ஆனால் இது சோதனை வாயுவுக்கு மாற்று அல்ல.

அளக்கும் வரிசை: முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, பிறகு நச்சு. நான்கும் ஒரே திரையில் தெரிந்தாலும் வாசிக்கும் வரிசை இதுவே. எரியும் வாயுவை அளக்கும் சாதாரண சென்சாருக்கே ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் மிகக் குறைந்திருந்தால் அது காட்டும் எண் பொய்.

குழாயை மூடியின் சிறு இடுக்கு வழியே விட்டு, திறக்கும் முன்பே ஒரு முறை அளங்கள். பிறகு மேல், நடு, அடி என்று மீட்டருக்கு மீட்டர் இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நிமிடம் காத்திருங்கள். குழாய் வழியாகக் காற்று ஏறி வரவும் சென்சார் பதில் சொல்லவும் அந்த நேரம் வேண்டும். அவசரக்காரர்கள் 15 விநாடியில் இழுத்துவிடுவார்கள். மீத்தேனும் அம்மோனியாவும் இலேசு, மேலே நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் டை ஆக்சைடும் கனம், அடியில் படுக்கும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடையே, எங்கும் கலந்திருக்கும். குழாய் நுனி தண்ணீரில் முங்கினால் பம்ப் கெட்டுவிடும். நுனியில் நீர்த்தடை வடிகட்டி கட்டாயம்.

இறங்கலாம் என்று சொல்லும் எல்லைகள்: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், எரியும் வாயு வெடிப்பெல்லையின் (வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவின்) 10 சதவீதத்துக்குக் கீழ், கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம்முக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குக் கீழ். இவை எல்லாப் பாடங்களிலும் இருக்கும் எண்கள். நாங்கள் இதைவிடக் கடுமையாக ஒன்றைச் சொல்லித்தரப் பரிந்துரைக்கிறோம்: வெளியே 20.9 என்றால் உள்ளேயும் 20.9 வரும்வரை ப்ளோவரை நிறுத்தாதீர்கள், ஆளையும் இறக்காதீர்கள்.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். ஆக்சிஜன் 0.1 சதவீதம் குறைந்தால், ஏதோ ஒரு வேற்று வாயு சுமார் 0.5 சதவீதம், அதாவது 5,000 பிபிஎம் உள்ளே புகுந்து காற்றைத் தள்ளியிருக்கலாம் என்று பொருள். கிணற்றில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் புகுந்தால் ஆக்சிஜன் 19.9தான் ஆகும். கருவி அலாரம் அடிக்காது, எல்லை தாண்டவில்லை. ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று சொல்லப்படும் 40,000 பிபிஎம்மை அது தாண்டிவிட்டது. நான்கு வாயுக் கருவியில் கார்பன் டை ஆக்சைடுக்கும் அம்மோனியாவுக்கும் சென்சார் கிடையாது. ரப்பர் பால் தொட்டிக்கும் ஐஸ் ஆலைக்கும் அம்மோனியா கருவி தனியாக வேண்டும். 25 பிபிஎம் வேலைக்கான எல்லை, 300 பிபிஎம் உயிராபத்து.

காற்றை மாற்றுதல்

மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அடியில் படுத்த கனவாயுவுக்கு மூடி திறந்திருப்பது தெரியாது. கிளையை ஒடித்துக் கட்டி மேலும் கீழும் ஆட்டுவதும் நிச்சயமில்லாத வேலை. ப்ளோவர்தான் வழி.

எத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும்? கொள்ளளவை 7.5ஆல் பெருக்கி, ப்ளோவர் நிமிடத்துக்குத் தரும் கன மீட்டரால் வகுக்கவும். டக்ட் வளைவுகளால் காற்று குறையும். பெட்டியில் எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கையே கணக்கில் எடுங்கள். நிமிடத்துக்கு 15 கன மீட்டர் கிடைக்கிறது என்று வைத்தால், 3×2×2 மீட்டர் தொட்டிக்கு 12 கன மீட்டர், 6 நிமிடம். 4×3×2 மீட்டர் மீன் அறைக்கு 12 நிமிடம். 3 மீட்டர் விட்டமும் தண்ணீர் மட்டம்வரை 10 மீட்டர் ஆழமும் உள்ள கிணற்றுக்குச் சுமார் 71 கன மீட்டர், 36 நிமிடம். இது குறைந்தபட்சம், முடிவு சொல்வது கடிகாரம் அல்ல, மறுபடி அளக்கும் கருவி. ஆள் உள்ளே இருக்கும் வரை ப்ளோவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

டக்ட் நுனி அடியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். வாசலருகிலேயே நிறுத்தினால் போன காற்றே திரும்பி வரும். ப்ளோவர் வாய் குழியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, காற்று வரும் திசையில். ஜெனரேட்டர் எதிர்த் திசையில், எட்ட. கடலோரத்தில் காலையில் கரைக்காற்றும் பிற்பகலில் கடற்காற்றும் வீசும். ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் காற்றின் வேகமே வேறு. ஒரு கம்பில் ரிப்பன் கட்டி நட்டுவைத்தால் திசை மாறியது உடனே தெரியும். காலையில் சரியாக வைத்த ஜெனரேட்டர் பிற்பகலில் தன் புகையைக் குழிக்குள்ளேயே ஊதிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஆக்சிஜன் சிலிண்டரைக் குழிக்குள் திறந்துவிடாதீர்கள். 23.5 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெய் பட்ட துணி ஒரு பொறியில் பற்றும். பெயின்ட், தின்னர், ஃபைபர் ரெசின் வேலை நடக்கும் படகு அறைகளில் தீப்பொறி தராத ப்ளோவரும், 24 வோல்ட்டுக்கு மேற்படாத, வெடிகாப்பு விளக்கும் மட்டுமே. மீன் அறைச் சுவருக்குள் குளிர் காக்க வைத்திருக்கும் பஃப் (பாலியூரித்தேன்) நுரையை அகற்றாமல் வெல்டிங் செய்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடோடு சயனைடும் இருக்கும்.

மேலே நிற்பவர்

இரண்டு நாளில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. மேலே நிற்பவருக்கு மூன்று தடைகள்: உள்ளே இறங்கக் கூடாது, இடத்தைவிட்டு நகரக் கூடாது, வேறு வேலை செய்யக் கூடாது. மண்வெட்டி எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கப் போவது, போனில் பேசுவது எல்லாம் மூன்றாவது தடைக்குள் அடங்கும்.

கயிற்றுச் சைகை நான்கு. ஒரு இழுப்பு: நலம். இரண்டு: கயிறு விடு. மூன்று: கயிற்றை இறுக்கு. நான்கு: என்னைத் தூக்கு. மேலே நிற்பவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்று இழுப்பார். கீழே இருப்பவர் ஒன்று இழுத்துப் பதில் தருவார். பதில் இல்லையென்றால் இன்னொரு முறை. அதற்கும் இல்லையென்றால் காரணம் தேடாமல் வின்ச்சைச் சுற்றத் தொடங்க வேண்டும். "சும்மா கவனிக்காம இருப்பான்" என்று எட்டிப்பார்க்கும் நேரத்தில்தான் உயிர் போகிறது.

கடினமான பாடம், கூட்டத்தைத் தடுப்பது. ஒத்திகையில் இரண்டு பேரை அண்ணன் தம்பியாக நடிக்கவையுங்கள். "விடுங்க, நான் எறங்குறேன்" என்று கத்தி முட்டித் தள்ளட்டும். மேலே நிற்பவர் ஒரு கையால் வின்ச்சைப் பிடித்தபடி, உரத்த குரலில், சிறிய வாக்கியத்தில் ஆணையிட வேண்டும்: "மக்களே, இறங்காதே! இந்தக் கயித்தப் பிடி!" இறங்காதே என்று மட்டும் சொன்னால் ஆள் நிற்க மாட்டார். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் நிற்பார். ஒருவருக்குக் கயிறு, ஒருவருக்கு 108க்கும் 101க்கும் போன், ஒருவரைச் சாலை முனைக்கு அனுப்பி வண்டிக்கு வழிகாட்டச் சொல்வது. வீட்டுக் கிணறு என்றால் வேலை தொடங்கும் முன்பே வீட்டாரை அழைத்து, நாடா கட்டிய மூன்று மீட்டர் வட்டத்துக்கு வெளியே நிறுத்தி, என்ன நடந்தாலும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: தூக்கிப் பழகுதல்

முதலில் பொம்மையைக் குழிக்குள் போட்டு, வெறும் கயிற்றால் இரண்டு பேரை இழுக்கச் சொல்லுங்கள். விளிம்பில் உரசி, பாதியில் நிற்கும். "நாலு பேரு சேந்து இழுத்தா வந்துருவான்" என்ற நினைப்பு அங்கே உடையும். பிறகு அதே பொம்மையை ஹார்னஸ், வின்ச்சுடன் ஒரே ஆள் ஏற்றட்டும்.

ஹார்னஸ் அணியும் முறை: தோள் பட்டைகள் முறுக்கில்லாமல், தொடைப் பட்டையில் தட்டையான கை மட்டும் நுழையும் அளவு இறுக்கம், முதுகு வளையம் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே. குறுகிய வாசலில் தூக்கத் தோள் வளையங்களே ஏற்றவை. ஆள் நிமிர்ந்து வருவார். இடுப்பில் கயிறு கட்டி இறக்கும் பழக்கத்தை இந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். மயங்கிய ஆள் இடுப்புக் கயிற்றில் மடங்கித் தொங்குவார், வாசலில் சிக்குவார்.

நம் கிணறுகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சுற்றுச்சுவர் இருக்கும், விட்டம் இரண்டு மீட்டருக்கு மேல். முக்காலியின் கால்கள் எட்டாது. உடனே கை கிணற்றுக் கப்பிக்குப் போகும். அந்தக் கப்பியும் அதன் கட்டையும் வாளிக்குப் போட்டவை. குறுக்கே இரும்பு பீம் போட்டு இரு முனையும் நகராமல் கட்டி, அதில் பிடிமானம் அமைக்க வேண்டும். 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கு மேல் தாங்குவதே பொதுவான அளவு. தென்னையிலோ தூணிலோ கட்டியதை அளக்காமல் நம்பாதீர்கள்.

மூடி அகலமும் பாருங்கள். காற்று சிலிண்டர் மாட்டியவர் நுழைய 60 சென்டிமீட்டர் வேண்டும். 45 சென்டிமீட்டர் திறப்பில் மீட்பவர் சிக்கிக்கொள்வார்; ஸ்லாபை எடுத்து அகலப்படுத்திவிட்டே வேலை தொடங்க வேண்டும். 6 லிட்டர், 300 பார் சிலிண்டரில் 1,800 லிட்டர் காற்று; நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம். பயந்து மூச்சிரைப்பவருக்கு அதில் பாதியே. காற்று குறைந்து சுவாசக் கருவியின் விசில் அடித்ததும் ஏறியாக வேண்டும். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது.

இப்போது கடிகாரத்தை ஓடவிடுங்கள். கீழே இருப்பவர் பதில் சொல்லாத நொடியிலிருந்து, பொம்மை தரையில் கிடத்தப்படும்வரை. மூளை ஆக்சிஜன் இல்லாமல் நான்கு நிமிடத்திலிருந்து பாழாகத் தொடங்கும். ஆகவே இலக்கு மூன்று நிமிடம். தக்கலையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ தீயணைப்பு வண்டி எத்தனை வேகமாக வந்தாலும் அந்த மூன்று நிமிடத்துக்குள் வராது. முதல் முறை பெரும்பாலான குழுக்கள் மூன்று நிமிடத்தைத் தாண்டிவிடும். எங்கே நேரம் போனது என்று பேசி, மறுபடி செய்யுங்கள். வின்ச் பூட்டு திறக்காமல் நிற்பதும், ஹூக் ஹார்னஸில் மாட்டாமலே இருந்ததும் அடிக்கடி தென்படும். எல்லோரும் குறைந்தது இரு முறை வின்ச் சுற்ற வேண்டும்.

தூக்கியபின்: காற்றுப்பக்கம் எடுத்துச்சென்று, நனைந்த உடையைக் கழற்றி, மூச்சு இல்லையென்றால் மார்பு அழுத்தம். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வாயோடு வாய் வைக்காமல் பை மாஸ்க் பயன்படுத்துங்கள். அவர் நுரையீரலில் இருக்கும் வாயு உங்களுக்கு ஏறலாம். 108இல் எந்த வகைத் தொட்டி, கருவி என்ன காட்டியது என்று சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அது முன்பே தெரிந்தால் சிகிச்சை வேகமாகும்.

செப்டிக் டேங்க் பற்றி

இந்தப் பயிற்சியில் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் இறங்கிச் சுத்தம் செய்வதைச் சொல்லித்தரக் கூடாது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றம் 2014இல் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கழிவு எடுக்க உறிஞ்சு லாரியை 14420இல் அழைக்கலாம். லாரி வந்தபிறகும் "அடியில கொஞ்சம் இருக்கு, எறங்கி வாருங்க" என்று சொல்லும் வீட்டுக்காரருக்கு மறுப்புச் சொல்லும் ஒத்திகையையும் வையுங்கள். கழிவறை ஆசிடை டேங்கில் ஊற்றிக் கரைக்கும் யோசனையும் வரும். ஆசிட் பட்டால் அங்கே கரைந்து கிடக்கும் சல்பைடு மொத்தமும் வாயுவாகக் கிளம்பும்.

பெர்மிட், தேர்ச்சி, மறுபயிற்சி

பெர்மிட் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், தமிழில் இருக்கட்டும்: இடம், வேலை, துண்டித்த மின் இணைப்பும் வால்வும், மூன்று நிலைகளின் அளவு, நேரம், இறங்குபவர், மேலே நிற்பவர், தூக்கும் கருவி தயாரா, கையெழுத்து. பால் தொட்டியில் கலக்கும் இயந்திரம் இருந்தால் ஃபியூஸைக் கழற்றி, இறங்குபவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். பெர்மிட் ஒரு ஷிப்டுக்கு மட்டுமே செல்லும்; சாப்பாட்டுக்காக 30 நிமிடம் நிறுத்தினாலும் மறுபடி அளக்க வேண்டும். முந்தைய நாள் எண்களைப் பார்த்து எழுதுவது நடக்கும். அதைத் தடுக்க, அளக்கும்போது கருவித் திரையைப் போனில் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வு தேவையில்லை. கருவியை இயக்கிச் சோதித்து மூன்று நிலைகளில் அளப்பது, ப்ளோவர் நேரத்தைக் கணக்கிடுவது, மூன்று நிமிடத்துக்குள் பொம்மையைத் தூக்குவது, இறங்கப் பாய்பவரைத் தடுப்பது. இந்த நான்கையும் தனியாகச் செய்துகாட்டாதவர் அடுத்த தொகுதியில் மறுபடி வரட்டும். வலிப்பு, இதய நோய், கடும் ஆஸ்துமா, அடைத்த இடத்தில் பதற்றம் உள்ளவர்களை இறங்கும் வேலையிலிருந்து விலக்குங்கள். அன்று மது குடித்தவர் மேலேயும் நிற்கக் கூடாது.

வகுப்பு ஆண்டுக்கு ஒரு முறை; தூக்கும் ஒத்திகை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. படகானால் தடைக்காலம் தொடங்கும் வாரமும் அது முடியும் வாரமும், ஆலையானால் தொட்டி கழுவும் மாதத்துக்கு முன்பும். ஒவ்வொரு ஒத்திகையிலும் பதிவான நேரத்தைத் தேதியுடன் வேலையிடப் பலகையில் எழுதிவையுங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டிய எண் அங்கே இருக்கும்வரை அந்த இடத்தில் பெர்மிட் கையெழுத்தாகக் கூடாது.